கட்டுநாயக்காவிலிருந்து புறப்பட்ட விமானம்

1999ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 12ஆந் திகதி, கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து கராச்சி நகரை நோக்கிப் பிரயாணிகள் விமானமொன்று புறப்பட்டது. ஏறக்குறைய 200 பேர் அதில் இருந்தனர். பாடசாலைப் பிள்ளைகளும் அவர்களுள் அடங்குவர். பாகிஸ்தான் இராணுவத்தின் பிரதம தளபதியாகிய ஜெனரல் பர்வேஸ் முஷாரப் அப்பிரயாணிகளுள் ஒருவர். இலங்கை இராணுவத்தின் ஐம்பதாவது ஆண்டு நிறைவு வைபவத்துக்கு விருந்தினராய் வந்திருந்து, தம் பாரியாருடன் தாயகம் மீண்டுகொண்டிருந்தார்.

விமானம் ஆகாயத்தில் இருக்கையிலேயே, பிரதம மந்திரி நவாஸ் ஷெரீப் அவரைப் பதவியினின்றும் நீக்கி வேறொருவரை நியமித்துவிட்டார். தொலைக்காட்சியிலும் அச்செய்தி வெளியாயிற்று. நீக்கப்பட்ட தளபதி நாட்டில் கால் வைத்தாற் காரியங் கெடும் என்று எண்ணினார் போலும். விமானம் கராச்சியில் இறங்கலாகாதென்று உத்தரவு பிறந்தது. எரிபொருள் குறைந்துகொண்டே வர, உள்ளே இருந்த பிள்ளைகள் யாதொன்றும் அறியாதவராய் இருக்க, விமானம் வானத்தில் வட்டமிட்டது. அதற்கிடையில் இராணுவத்தினர் கராச்சி விமான நிலையத்தைக் கைப்பற்றினர். தலைநகரில் பிரதம மந்திரியின் மாளிகையும் தொலைக்காட்சி நிலையமும் அவர்கள் வசமாயின. கட்டுநாயக்காவில் விமானம் ஏறியபோது ஓர் அரசாங்கத்தின் ஊழியராய் இருந்தவர், கராச்சியில் இறங்கியபோது அந்நாட்டின் அதிபதியாய் இறங்கினார். பதவி இழந்த பிரதம மந்திரிமீது பின்னர் சாட்டப்பட்ட குற்றங்களுள் ஒன்று, விமானக் கடத்தல்! தரையில் இருந்தவாறே ஆகாய விமானத்தைக் கடத்தியவர் என்று ஒருவருக்கு ஆயுள் தண்டனை விதித்த நூதனத்தைச் சரித்திரம் வேறெங்கும் கண்டதாகத் தெரியவில்லை. அத்தீர்ப்பு 2009இல் ரத்தாயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தளபதி வானத்தில் இருக்க, தரையில் உள்ள படை தானே இயங்கி, தேர்தலில் வென்ற ஓர் அரசாங்கத்தைச் சில மணி நேரத்திற் கவிழ்ப்பதென்றால், அப்படை அவ்வித்தையை அன்றுதான் பழகியிருக்க முடியுமா? அது எப்போது, யாரிடம் பழகியது என்பதை அறிய நாம் 1947ஆம் ஆண்டுக்குத் திரும்ப வேண்டும்.

பிரிட்டிஷ் இந்தியா இரண்டாகப் பிரிந்தபோது நாற்காலியும் மேசையும் தட்டச்சு யந்திரமும் உட்பட யாவும் பங்கிடப்பட்டன. பாகிஸ்தானுக்குப் பழைய சேனையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கிடைத்தது. ஆனால் அச்சேனையைப் போஷிக்க வேண்டிய வருமானத்திலோ ஐந்தில் ஒரு பங்கும் கிடைக்கவில்லை. வீட்டுக்கு மிஞ்சிய காவற்காரன் என்பது இதுதான். காவற்காரனுக்குச் சம்பளங் கொடுக்க வேண்டுமாயின் திருடன் ஒருவன் வெளியே நிற்கிறான் என்று வீட்டார் நம்பவேண்டும். அவ்வாறு நம்புவதற்குக் காரணங்கள் இல்லாமலுமில்லை. பிரிவினையின்போது ஓடிய இரத்தம் இன்னும் உலரவில்லை. சேரவேண்டிய பணத்தையும் இந்தியா முதலில் தாமதித்தது. காந்தியடிகள் உண்ணாவிரதம் இருந்த நாட்களிலேதான் அது விடுவிக்கப்பட்டது.

அந்த ஆண்டு ஒக்டோபரில் காஷ்மீரப் பிரச்சினை மூண்டது. மன்னர் ஹரி சிங் எந்த நாட்டுடன் இணைவதென்று முடிவு செய்யாதிருந்தார். அப்பொழுது வடமேற்கு எல்லைப்புற மலைநாட்டிலிருந்து ஆயிரக்கணக்கான பதான் குலத்தவர் துப்பாக்கிகளுடன் காஷ்மீரத்துள் இறங்கினர். இத்தகைய குலப்படையை அந்நாட்டில் 'லஷ்கர்' என்பர். இச்சொல்லை வாசகர் நினைவில் வைத்திருத்தல் நன்று. அவர்கள் சமயப் போர் என்ற அழைப்பைக் கேட்டு வந்தவர்கள். அவர்களுக்குப் பின்னின்று திட்டம் வகுத்தவரோ பாகிஸ்தான் சேனைத் தலைமையகத்தில் இருந்த அக்பர் கான் என்னும் அதிகாரி. தமக்கு அவர் சூட்டிக்கொண்ட மறைபெயர் 'ஜெனரல் தாரிக்'. முன்னொரு காலத்தில் ஸ்பெயின் தேசத்தை வென்ற முஸ்லிம் சேனாபதியின் பெயர் அது. இவற்றையெல்லாம் பிற்காலத்தில் தாமே நூலாக எழுதியும் வெளியிட்டார்.

வந்த படை பாரமுல்லா நகரில் கொள்ளையிலே பொழுதைப் போக்கிற்று. மன்னர் இந்தியாவுடன் இணையக் கையொப்பமிட்டார். இந்தியத் துருப்புக்கள் விமானமூலம் ஸ்ரீநகரில் வந்திறங்கின. 1949ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி யுத்தம் நின்றபோது காஷ்மீரத்தின் பெரும்பகுதி இந்தியாவின் வசத்தில் இருந்தது.

வெற்றி கைநழுவியதற்கு அரசியல்வாதிகளே காரணம் என்று அக்பர் கான் மனம் புழுங்கினார். 1951ஆம் ஆண்டு மார்ச் மாதம் அவர் கைது செய்யப்பட்டார். அரசாங்கத்தைக் கவிழ்க்கச் சதி செய்தார் என்பது குற்றச்சாட்டு. 'றாவல்பிண்டிச் சதி வழக்கு' எனப் பேர்பெற்ற அவ்வழக்கில், உருதுக் கவிஞர் பைஸ் அகமது பைஸும் சிறை சென்றார்.

இதனை நான் விரிவாய்ச் சொல்வதற்குக் காரணமுண்டு. சமயத்தின் பேரால் ஒழுங்கற்ற படையொன்றை எல்லை கடத்தி அனுப்புதல் ஒன்று. அது பயன்படாதபோது சொந்த அரசாங்கத்தின்மீதே கை வைத்தல் மற்றொன்று. அந்நாட்டை நெடுங்காலம் ஆட்டி வைத்த இவ்விரு வழக்கங்களும் நாடு பிறந்து நான்கு ஆண்டுகளுக்குள், ஒரே மனிதரிடத்தில் தோன்றின. அவை தனித்தனி நோய்களல்ல.

நாட்டின் தந்தையாகிய ஜின்னா 1948 செப்டெம்பரில் மறைந்தார். முதலாவது பிரதம மந்திரி லியாகத் அலி கான் 1951 ஒக்டோபரில் றாவல்பிண்டிப் பூங்காவொன்றில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பின் ஏழாண்டுகளில் ஆறு பிரதம மந்திரிகள் வந்து போயினர். பாதுகாப்புச் செலவு மாத்திரம் குறையவில்லை. வரவு செலவுத் திட்டத்தின் பாதிக்கு மேல் அதுவே விழுங்கிற்று. 1958 ஒக்டோபரில் சனாதிபதி இஸ்கந்தர் மிர்ஸா இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்து சேனாபதி அயூப் கானைத் துணைக்கழைத்தார். இருபதே நாட்களில் துணைக்கு வந்தவர் அழைத்தவரை இலண்டனுக்கு அனுப்பிவிட்டுத் தாமே ஆசனத்தில் அமர்ந்தார். மறு வருடம் 'பீல்ட் மார்ஷல்' என்னும் பட்டமும் அவரை வந்தடைந்தது.

1965இல் அயூப் கானுடைய சேனை மீண்டும் காஷ்மீரத்துள் ஆட்களை இரகசியமாக அனுப்பிற்று. அம்முயற்சிக்கு 'ஜிப்ரால்டர்' என்று பெயர். தாரிக்கின் மலை என்பதே அதன் பொருள். காஷ்மீர மக்கள் கிளர்ந்தெழுவர் என்ற கணக்குப் பொய்த்தது. செப்டெம்பர் மாதத்தில் இரு நாடுகளும் நேர் யுத்தத்தில் இறங்கி, எவருக்கும் வெற்றியின்றி ஓய்ந்தன. எனினும் பாடசாலைப் பிள்ளைகளுக்கு அது வெற்றி என்றே கற்பிக்கப்பட்டது. நம் காலத்து மாணவர் எந்நாட்டவராயினும், தம் சரித்திரப் புத்தகத்தைச் சற்றே சந்தேகத்துடன் வாசித்தல் தவறாகாது.

இராணுவத்தின் செல்வாக்கென்றால் பீரங்கியும் பதவியும் மாத்திரமே என்று கருதுதல் கூடாது. இளைப்பாறிய போர்வீரரின் நலனுக்கென்று 1954இல் ஆரம்பிக்கப்பட்ட பௌஜி ஸ்தாபனம் நாளடைவில் உரமும் சீமெந்தும், காலையில் பாலிலே போட்டு உண்ணும் சோளப்பொரியுங்கூட விற்கலாயிற்று. இராணுவத்தைச் சார்ந்த வங்கியுண்டு. நகரங்கள்தோறும் இராணுவக் குடியிருப்புக் காணிகளும் உண்டு. அயலானுடன் சமாதானம் ஏற்பட்டால் இத்தனை பெரிய குடும்பத்துக்கு என்ன நியாயம் கூறுவது? இந்தக் கேள்வியை அந்நாட்டு எழுத்தாளரும் அறிஞருமே முதலிற் கேட்டனர். சிலர் அதற்காக நாட்டை விட்டு வெளியேறவும் நேர்ந்தது.

1970 டிசெம்பரில் நடந்த பொதுத்தேர்தலில் கிழக்குப் பாகிஸ்தானின் ஷேக் முஜிபுர் ரஹ்மானின் அவாமி லீக் கட்சி, தேர்தல் நடைபெற்ற 300 தொகுதிகளில் 160ஐக் கைப்பற்றித் தனிப் பெரும்பான்மை பெற்றது. தளபதி யாஹியா கான் ஆட்சியை ஒப்படைத்திருந்தால் நாடு பிழைத்திருக்கும். அவர் ஒப்படைக்கவில்லை. 1971 மார்ச் 25ஆந் திகதி இரவு டாக்கா நகரில் சேனை தன் சொந்த மக்கள்மீது பாய்ந்தது. அங்கும் சமயத்தின் பேரால் உதவிப் படைகள் திரட்டப்பட்டன. வங்காளிகளும் முஸ்லிம்களே என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

இவ்விடத்தில் நமது கட்டுநாயக்கா மீண்டும் வருகின்றது. அவ்வாண்டு ஜனவரி மாத முடிவில் இந்திய விமானமொன்று லாகூருக்குக் கடத்தப்பட்டு எரிக்கப்பட்டதால், பாகிஸ்தான் விமானங்கள் தன் வான்வழியே செல்வதை இந்தியா தடை செய்தது. ஆகவே கராச்சியிலிருந்து டாக்காவுக்குப் போகும் விமானங்கள் தென்முனையைச் சுற்றிவந்து கட்டுநாயக்காவில் எரிபொருள் நிரப்பிச் சென்றன. அப்பயணிகளுள் சாதாரண உடை தரித்த போர்வீரரும் இருந்தனர். ஏப்ரில் மாதம் நம் நாட்டில் இளைஞர் கிளர்ச்சி வெடித்தபோது, உதவிக்கென்று ஹெலிகொப்டர்களை அனுப்பிய தேசங்களுள் இந்தியாவும் இருந்தது, பாகிஸ்தானும் இருந்தது! சில மாதங்களில் ஒன்றோடொன்று பொருதவிருந்த இரு நாடுகளும் நமது சிறு தீவிலே ஒரே வேலைக்கு வந்து நின்றன.

1971 டிசெம்பர் 16ஆந் திகதி டாக்கா குதிரைப்பந்தயத் திடலில் பாகிஸ்தான் தளபதி நியாஸி, இந்தியத் தளபதி ஜக்ஜித் சிங் அரோராவின் முன்னிலையில் சரணாகதிப் பத்திரத்திற் கையொப்பமிட்டார். ஏறக்குறைய 93,000 பேர் இந்தியாவிற் கைதிகளாயினர். பங்களாதேஷ் பிறந்தது. டிசெம்பர் 16 என்னும் அத்திகதியைப் பாகிஸ்தானியத் தாய்மார் வேறொரு காரணத்துக்காகவும் நினைக்க வேண்டிய நாள் பின்னால் வந்தது. அதனைச் சற்றுப் பொறுத்துச் சொல்வேன்.

தோற்ற சேனை தலைகுனிந்து நின்ற காலம் அதிகமில்லை. சுல்பிகார் அலி பூட்டோ, தமக்குப் பணிந்து நடப்பார் என்று நம்பி, மூத்தவர் பலரைத் தாண்டிச் சியா உல் ஹக்கை 1976இல் தளபதியாக்கினார். மறு வருடம் ஜூலை 5ஆந் திகதி அதே சியா அவரைக் கைது செய்தார். 1979 ஏப்ரில் 4ஆந் திகதி றாவல்பிண்டிச் சிறையில் தூக்கிலிடுவித்தார். தொண்ணூறு நாட்களில் தேர்தல் என்று வாக்குறுதி அளித்தவர் பதினொரு வருடம் ஆண்டார்.

முன்னிருந்த தளபதிகள் சமயத்தைக் கருவியாக எடுத்தவர்கள். சியாவோ அதனை ஆட்சியின் அஸ்திவாரமாக வைக்க முயன்றார். சவுக்கடித் தண்டனை சட்டப் புத்தகத்தில் ஏறியது. சேனையின் குறிக்கோள் வாசகமே விசுவாசம், இறையச்சம், இறைவழியில் ஜிகாத் என மாற்றப்பட்டது. 1979 டிசெம்பரில் சோவியத் துருப்புக்கள் ஆப்கானிஸ்தானத்துள் புகுந்தமை அவருக்கு எதிர்பாராத வாய்ப்பாயிற்று. அமெரிக்காவிலிருந்தும் சவூதி அரேபியாவிலிருந்தும் பணம் வெள்ளமாய்ப் பாய்ந்தது. ஆயுதங்களைப் பங்கிடும் பொறுப்பு ஐ.எஸ்.ஐ. எனப்படும் பாகிஸ்தான் இராணுவ உளவு ஸ்தாபனத்திடம் இருந்தது. எந்தக் குழுவுக்கு எவ்வளவு என்பதை அது தீர்மானித்தது. சமயக் கடும்போக்குடைய குழுக்களே பெரும்பங்கு பெற்றன. முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட அகதிகள் எல்லை கடந்து வந்து கூடாரங்களில் வாழ்ந்தனர். அவர்தம் பிள்ளைகளுக்கு உணவும் உறைவிடமும் எழுத்தும் கிடைத்த இடங்கள் மதரஸாக்கள். ஏழைப் பிள்ளைக்கு அன்னமிட்டுக் கல்வி கொடுக்கும் மதரஸா நெடுங்காலமாய் நற்பணி செய்துவந்த தொன்றாகும். அதனை நாம் மறத்தலாகாது. அப்பிள்ளைகளுட் சிலர் கையிலே புத்தகத்தோடு துப்பாக்கியையும் கொடுத்தவர்கள் வேறானவர்கள். அவர்களுட் பலர் ஆங்கிலம் பேசுவோர், தாடி வையாதோர், வெகுதூரத்துத் தலைநகரங்களில் வாழ்ந்தோர்.

1988 ஓகஸ்டில் சியா விமான விபத்தில் மாண்டார். மறு வருடம் சோவியத் துருப்புக்கள் வீடு திரும்பின. யுத்தம் செய்வதையே தொழிலாய்க் கற்றவர்களை இனி என்செய்வது? விடை காஷ்மீரத்தில் தயாராய் இருந்தது. அவ்விடையை எழுதிக் கொடுத்ததில் இந்தியாவுக்கும் பங்குண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. 1987இல் அங்கு நடந்த சட்டசபைத் தேர்தலில் முறைகேடுகள் மலிந்தன. வாக்குப் பெட்டியில் நம்பிக்கை இழந்த இளைஞர் எல்லை கடந்து ஆயுதந் தேடினர். தேடியவர்க்கு ஆயுதங் கிடைத்தது. லஷ்கர் என்னும் பழைய சொல்லும் புதிய உருவம் எடுத்தது: லஷ்கர்-இ-தொய்பா என்பது அக்காலத்தில் தோன்றிய இயக்கங்களுள் ஒன்று. 1992இல் அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டபோது, எல்லைக்கு அப்பால் இருந்த கடும்போக்காளர் தாம் இதுகாறும் சொல்லிவந்தது மெய்யாயிற்று என்று மகிழ்ந்திருப்பர். ஒரு பக்கத்துக் கடும்போக்காளனுக்கு மறுபக்கத்துக் கடும்போக்காளனைப்போல் உற்ற துணைவன் வேறில்லை.

1998 மே மாதத்தில் இரு நாடுகளும் அணுகுண்டுகளை வெடித்துப் பரீட்சித்தன. 1999 பெப்ரவரியில் இந்தியப் பிரதமர் வாஜ்பாயி பஸ் வண்டியில் லாகூருக்கு வந்து நவாஸ் ஷெரீப்பைத் தழுவிக்கொண்டார். அந்நாட்களிலேயே பாகிஸ்தான் துருப்புக்கள் கார்கில் மலைச்சிகரங்களில் ஏறிக்கொண்டிருந்தன. அவர்கள் போர்வீரரல்லர், காஷ்மீரப் போராளிகளே என்று முதலில் உலகுக்குச் சொல்லப்பட்டது. திட்டத்தை வகுத்தவர் முஷாரப். ஜூலையில் படைகள் பின்வாங்கின. தளபதி பிரதம மந்திரியை நொந்தார், பிரதம மந்திரி தளபதியை நொந்தார். ஒக்டோபரில் அந்த விமானம் கட்டுநாயக்காவிலிருந்து புறப்பட்டது. அக்பர் கானின் கதையை ஐம்பதாண்டுகளுக்குப் பின் மீண்டும் நடித்தாற்போல் இருந்தது. ஆனால் இம்முறை சதி பலித்தது.

அதிகாரத்தில் அமர்ந்த முஷாரப், 2001இல் அமெரிக்காவில் நிகழ்ந்த தாக்குதல்களின் பின் அமெரிக்காவுடன் சேர்ந்துகொண்டார். நேற்றுவரை போஷித்தவர் இன்று வேட்டையாடத் தொடங்கினால் வளர்ப்புப் பிராணி என்ன செய்யும்? 2003 டிசெம்பரில் இரு வாரங்களுக்குள் இருமுறை, சேனைத் தலைமையகம் இருக்கும் றாவல்பிண்டியிலேயே அவரைக் கொல்ல முயற்சி நடந்தது. அவர் தப்பினார். 2007 டிசெம்பர் 27ஆந் திகதி அதே றாவல்பிண்டியில், லியாகத் அலி கான் விழுந்த அதே பூங்காவின் வாயிலில், பேனசீர் பூட்டோ கொல்லப்பட்டார். லாகூரிலே சூபி ஞானியாரின் தர்காவில் 2010இலும், சேவானிலே மற்றொரு தர்காவில் 2017இலும் குண்டுகள் வெடித்தன. இறந்தவர்கள் நேர்த்திக்கடன் செலுத்த வந்த எளிய முஸ்லிம்கள். சமயத்தின் பேரால் ஏந்திய ஆயுதம் அதிகமாய்க் கொன்றது அச்சமயத்தவரையே.

2008 நவெம்பரில் கடல்வழியாய் வந்த பத்துப் பேர் மும்பாய் நகரில் 166 பேரைக் கொன்றனர். வந்தவர்கள் லஷ்கர்-இ-தொய்பாவைச் சேர்ந்தோர். அதனால் இந்தியக் கிரிக்கெட் கோஷ்டி பாகிஸ்தான் செல்ல மறுத்தது. அவ்விடத்தை நிரப்பச் சென்றவர்கள் நம்மவர்கள். 2009 மார்ச் 3ஆந் திகதி காலை, லாகூர் கடாபி மைதானத்தை நோக்கி அவர்கள் சென்ற பஸ் வண்டியைத் துப்பாக்கிதாரிகள் மறித்துச் சுட்டனர். அத்தொடரில் இரண்டு இரட்டைச் சதங்கள் அடித்திருந்த திலான் சமரவீரவின் தொடையில் குண்டு பாய்ந்தது. நமது முரளிதரனும் அவ்வண்டியில் இருந்தார். குண்டு மழைக்கிடையே வண்டியை நிறுத்தாது மைதானத்துக்குள் ஓட்டிச் சென்று அவர்களைக் காத்தவர் ஒரு பாகிஸ்தானியச் சாரதி. அவர்களைக் காக்க நின்று மடிந்த பொலிஸார் அறுவரும் பாகிஸ்தானியர். இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது முன்னதையும் பின்னதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

இனி, பொறுத்துச் சொல்வேன் என்ற திகதிக்கு வருகிறேன். 2014 டிசெம்பர் 10ஆந் திகதி, பள்ளிக்குச் சென்றதற்காகத் தலையிற் சுடப்பட்டுப் பிழைத்த மலாலா யூசுப்சாய் என்னும் பாகிஸ்தானிய மாணவி, தம் பதினேழாவது வயதில் சமாதானத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார். ஆறு நாட்கள் சென்றன. டிசெம்பர் 16ஆந் திகதி காலை பெஷாவர் நகரில் இராணுவம் நடத்தும் பாடசாலையொன்றில் தலிபான் இயக்கத்தவர் புகுந்தனர். பிள்ளைகள் பலர் அப்பொழுது மண்டபத்திற் கூடியிருந்தனர். 130க்கு மேற்பட்ட மாணவர் அன்று மாண்டனர். அவர்களைக் காக்க முன்னின்ற அதிபரும் ஆசிரியைகளும் மாண்டனர். பிள்ளைகளுட் பலர் போர்வீரரின் பிள்ளைகள். டாக்காவில் சேனை சரணடைந்து 43 வருடங்கள் அன்று நிறைந்தன. அத்தகப்பன்மாருட் சிலர் தம் மேலதிகாரிகளிடம் என்ன கேட்டிருப்பார்கள் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

அதன்பின் தீவிரவாதிகள்மீது கடும் நடவடிக்கைகள் எடுக்கப்பட்டமை உண்மையே. அச்சம் ஓரளவு நீங்கிற்று. 2019 டிசெம்பரில், பத்தாண்டுகளுக்குப் பின் பாகிஸ்தான் மண்ணில் முதலாவது டெஸ்ட் ஆட்டம் றாவல்பிண்டியில் நடைபெற்றது. ஆடச் சென்றவர்கள், வேறு யார், இலங்கையர்தாம். நாட்கணக்காய் மழை பெய்தும் ஜனங்கள் கலையவில்லை. ஐந்தாம் நாள் தனஞ்சய டி சில்வா சதம் அடித்தபோது எதிர்க் கோஷ்டியின் ஊரார் எழுந்து நின்று கைதட்டினர்.

2025 ஏப்ரில் 22ஆந் திகதி காஷ்மீரத்தின் பஹல்காமில் உல்லாசப் பிரயாணிகள் உட்பட 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். மே 7ஆந் திகதி தொடங்கி நான்கு நாட்கள் இரு நாடுகளும் ஏவுகணைகளையும் ஆளில்லா விமானங்களையும் ஒன்றன்மீதொன்று ஏவின. அவற்றுள் ஒன்று மே 8ஆந் திகதி றாவல்பிண்டிக் கிரிக்கெட் மைதானத்தின் அருகே விழுந்தது. அன்றிரவு அங்கு நடக்கவிருந்த ஆட்டம் நடைபெறவில்லை. 10ஆந் திகதி யுத்தம் நின்றது. 20ஆந் திகதி பாகிஸ்தான் இராணுவத் தளபதி அசிம் முனீர் 'பீல்ட் மார்ஷல்' பதவிக்கு உயர்த்தப்பட்டார். அயூப் கானுக்குப் பின் அந்நாட்டில் அப்பட்டம் பெற்றவர் அவரே.